கைத்துப்பாக்கி டெஸ்ட்டும் சும்மா விட்ட சாலும்

மூணு வாரமா எழுத முடியல. மல்லாட்டை பிடுங்கி, காய் ஆய்ஞ்சு, காய வச்சி, மூட்டை கட்டி முடிக்கிறதுக்குள்ள இடுப்பு போயிடுச்சி. (மல்லாட்டைன்னா வேர்க்கடலைதாங்க. எங்க திருவண்ணாமலை பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.) இன்னிக்கு எழுதப் போறது துப்பாக்கியைப் பத்தி. அமெரிக்காவுல சட்டைக்குள்ள சொருகி வச்சிக்கிறாங்களே, அந்தக் குட்டித் துப்பாக்கி. மூணு ஏக்கர் மானாவாரிக்காரனுக்கு அதைப் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. மல்லாட்டையும் நடுவுல வரும்.

என் அக்கா மகன் டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பாக்குறான். க்ரீன் கார்டு வாங்கிட்டான். வீட்ல அவன், அவன் சம்சாரம், நாலு வயசுப் பையன். ஆறு மாசமா என் அக்காவும் பேரனைப் பாத்துக்க அங்கதான் இருக்கு. போன மாசம் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணான்.

"மாமா, சின்னதா ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். நாலு மாடல் பாத்து வச்சிருக்கேன். டெஸ்ட் பண்ற வீடியோ எல்லாம் அனுப்புறேன். தாத்தா துப்பாக்கி வச்சிருந்தாருல்ல, நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஏன்டா மாப்ளன்னு கேட்டேன். தெரிஞ்சவங்க வீட்ல திருடன் பூந்துட்டானாம். நம்ம ஆளுங்க வீட்ல தங்கம் இருக்கும்னு அங்கேயும் தெரிஞ்சி போச்சாம். பயம் நியாயமான பயம். அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து, 21 வயசு ஆனவங்க, சட்டப்படி வேற தடை இல்லைன்னா, தனியா லைசென்ஸ் எடுக்காமலேயே கைத்துப்பாக்கியை மறைச்சி எடுத்துக்கிட்டுப் போகலாம். அதனால அவனுக்கு இது சோப்பு வாங்குற மாதிரி ஒரு சாதாரண விஷயம் ஆயிடுச்சி. எது நல்ல பிராண்டுங்கிறது மட்டும்தான் கேள்வி.

பதினொரு வீடியோ அனுப்பினான். என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தோட நின்னுபோன இங்கிலீஷ். ஸ்டேடிஸ்டிக்ஸ் படிக்கிற என் பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டு, பதினொண்ணையும் பாத்தேன். ஒவ்வொருத்தனும் முதல் நிமிஷத்துலேயே சொல்றான்: "இது நியாயமான டெஸ்ட். எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல்." பாத்து முடிச்சப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே, விதைக் கம்பெனிக்காரன் ரோட்டோரமா போர்டு நட்டு வைப்பானே, அதைப் பாத்தா வர்ற அதே கோவம்.

முதல்ல அந்தத் துப்பாக்கிங்களைச் சொல்லிடறேன், தெரியாதவங்களுக்காக. ரூகர் கம்பெனி 2008ல எல்சிபின்னு ஒண்ணு விட்டான். தோட்டா இல்லாம சுமார் 270 கிராம்தான். சட்டைப்பையில போட்டா நம்ம செல்போன் கனம். .380ங்கிற சின்னத் தோட்டா, மேகசின்ல 6, குழல்ல 1. அப்புறம் 2018ல சிக் கம்பெனி பி365ன்னு விட்டான். சுமார் 500 கிராம், ஆனா 9 எம்எம் தோட்டா, மேகசின்லேயே 10 பிடிக்கும். அதுவரைக்கும் அந்த சைஸ்ல 6, 7தான். உடனே எல்லா கம்பெனிக்கும் போட்டி. 2019ல ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட்னு விட்டான், அதுல 11. சின்ன டப்பாவுல யாரு அதிகமா அடைக்கிறதுன்னு ஒரு ஓட்டப் பந்தயம். இந்தப் பந்தயத்துக்கு நடுவர் வேலை பாக்குறவங்கதான் வீடியோக்காரங்க.

நடுவர் லட்சணத்தைப் பாப்போம்.

ஒண்ணு. துப்பாக்கி எங்கேயிருந்து வந்துச்சு? பாதிப் பேரு கம்பெனி அனுப்பி வச்சதுன்னு அவங்களே சொல்றாங்க. எங்க ஊர்ல டெமோ வயல் போடுவாங்க பாருங்க, தார் ரோட்டுப் பக்கம், செம்மண்ணு, போர் தண்ணி பாயுற இடம், ஊர்லேயே நல்ல கொல்லை. அதுல போட்டா எந்த விதையும் காய்க்கும். அமெரிக்காவுலேயே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, 1936ல இருந்து நடக்குது. சோதிக்கிற சாமானை சாதாரண ஆள் மாதிரி கடையில போயி காசு குடுத்து வாங்குவாங்க. விளம்பரம் வாங்க மாட்டாங்க. வழி தெரியாம இல்ல. காசு வேற பக்கம் இருந்து வருது, அவ்வளவுதான்.

ரெண்டு. ஒரே ஒரு துப்பாக்கி. ஒரு மாடல்ல ஒரே ஒரு பீஸை எடுத்து 500 ரவுண்டு சுடறான். ஒண்ணு கூட மக்கர் பண்ணலைன்னா "நூத்துக்கு நூறு நம்பலாம்"ங்கிறான். என் பொண்ணு ஒரு கணக்கு சொல்லிச்சு, சுலபமான கணக்கு. ஒரு தப்பும் நடக்கலைன்னா, 3ஐ எத்தனை தடவை சோதிச்சியோ அதால வகுக்கணுமாம். 3ஐ 500ஆல வகுத்தா, சுமார் 167க்கு ஒண்ணு. அதாவது 500 தடவை ஒழுங்கா சுட்ட துப்பாக்கி கூட, 167 தடவைக்கு ஒருக்கா மக்கர் பண்ற துப்பாக்கியா இருக்க வாய்ப்பிருக்கு, அந்த 500 அதைக் கண்டுபிடிக்கப் போதாது. அதுவும் அந்த ஒரு பீஸுக்குத்தான். இது ரெண்டு தடவை மக்கர், அது நாலு தடவை மக்கர், அதனால இதுதான் ஒசத்தின்னு தீர்ப்பு சொல்றானே, அது வெறும் அதிர்ஷ்டக் கணக்கு. ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி, அதுல 40 காய் இருந்தா, ஏக்கருக்கு எத்தனை மூட்டைன்னு சொல்லுவீங்களா?

மூணு. யாரோட கை? வீடியோவுல சுடறவன் எல்லாம் ஆறடி ஆளு, கை ஒவ்வொண்ணும் வாழைப்பூ மாதிரி. ஆட்டோமேட்டிக் பிஸ்டல் எப்படி வேலை செய்யுதுன்னா, சுட்ட வேகத்துல மேல் பாகம் பின்னாடி போயி, பழைய கூட்டைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏத்தணும். அதுக்கு கீழ்ப் பாகத்தைக் கை கெட்டியாப் பிடிச்சிருக்கணும். மணிக்கட்டு தளர்ந்தா மேல் பாகம் முழுசா போகாது, சிக்கிக்கும். துப்பாக்கி லேசா இருக்க இருக்க இது மோசம், உதைப்பும் அதிகம். கனமான கடப்பாரையால பாறையைக் குத்தினா கை தாங்கும். லேசான கம்பியால குத்திப் பாருங்க, தோள்பட்டை வரைக்கும் அதிரும். ஆக, ஆறடி ஆளு கையில மக்கர் பண்ணாதது, என் மருமகன் சம்சாரம் கையில மக்கர் பண்ணலாம். அந்தப் பொண்ணு 45 கிலோ. மேல் பாகத்தைப் பின்னாடி இழுக்கவே அதுக்குத் தெம்பு பத்துமான்னு எந்த வீடியோவும் பாக்கல. ஆனா "பெண்களுக்கு ஏத்தது"ன்னு மட்டும் சொல்லிடறாங்க.

நாலு. வரிசை. காலையில முதல் துப்பாக்கி, கை புதுசா இருக்கு. நாலாவது துப்பாக்கி எடுக்கறப்ப 300 ரவுண்டு உதை வாங்கின கை. அப்புறம் நாலாவது குறி தப்புதுன்னா குத்தம் யாருது? சீட்டுக் குலுக்கிப் போட்டு, மாத்தி மாத்தி சுடணும். இந்தச் சீட்டுக் குலுக்கற யோசனையே எங்க பொழப்புல இருந்து போனதுங்க. இங்கிலாந்துல ரோதம்ஸ்டட்னு ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம். 1920கள்ல அங்க வேலை பாத்த ஃபிஷர்ங்கிற கணக்கு மேதைதான், எந்தப் பாத்திக்கு எந்த உரம்னு ஆளு முடிவு பண்ணக்கூடாது, குலுக்கல்தான் முடிவு பண்ணணும்னு முறையா எழுதி வச்சாரு. இன்னிக்கு மருந்து மாத்திரையை சோதிக்கிறது கூட அந்த வழியிலதான். வயல்ல பொறந்த நியாயம் அது.

அஞ்சு. தோட்டாவும் ஜெல்லும். ஒரு துப்பாக்கிக்கு விலை கூடின தோட்டா, இன்னொண்ணுக்கு மலிவுத் தோட்டா. அதுக்கப்புறம் கண்ணாடி மாதிரி ஒரு ஜெல் கட்டியைச் சுட்டு, தோட்டா எவ்வளவு ஆழம் போச்சுன்னு காட்டறாங்க. 1986ல மியாமியில நடந்த துப்பாக்கிச் சண்டையில ரெண்டு எஃப்பிஐ ஆளுங்க செத்ததுக்கப்புறம், எஃப்பிஐ இதுக்கு ஒரு முறை வகுத்துச்சு. ஜெலட்டினை 10 சதவீதம் கரைச்சி, குறிப்பிட்ட சூட்டுல வச்சி, முதல்ல சின்ன குண்டு ஒண்ணை அதுல சுட்டு ஜெல் சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். துணி போத்தியும் சுட்டுப் பாக்கணும். வீடியோவுல வர்ற கண்ணாடி ஜெல் வேற சரக்கு. அந்த அளவும் இந்த அளவும் ஒண்ணு இல்ல. மரக்கால்ல அளந்ததையும் படியில அளந்ததையும் ஒரே கணக்குல எழுதற கதை.

ஆறாவதுதான் எனக்கு ஆத்திரம். பதினொரு வீடியோவுல ஒருத்தன் கூட துப்பாக்கியைக் கீழ போட்டுப் பாக்கல. இடுப்புல, பையில, கார்ல, கட்டில் பக்கத்துல கெடக்கப் போற சாமான். அது கைதவறி விழுமா விழாதா? நான் சொன்ன அந்த எல்சிபி, வந்த வருஷமே, 2008லேயே, கீழ விழுந்தா வெடிக்க வாய்ப்பிருக்குன்னு கம்பெனியே திரும்ப வாங்கி சரி பண்ணிக் குடுத்துச்சு. கலிஃபோர்னியாவுல 2001ல இருந்து ஒரு சட்டம் இருக்கு. ஒரே மாடல்ல மூணு பீஸ் எடுக்கணும். ஒவ்வொண்ணுலயும் 600 ரவுண்டு சுடணும், முதல் 20ல ஒண்ணு கூட மக்கர் ஆகக்கூடாது, மொத்தத்துல 6க்கு மேல ஆகக்கூடாது. அப்புறம் ஒரு மீட்டர் உயரத்துல இருந்து சிமெண்டுத் தரையில, பல வாக்குல போட்டுப் பாக்கணும். பரவாயில்ல, இது ஒரு டெஸ்ட்டு. என் மருமகன் இருக்கிற டெக்சாஸ்ல இப்படி ஒண்ணும் கிடையாது.

மத்திய அரசாங்கம் பாக்காதான்னு கேப்பீங்க. அதுதான் வேடிக்கை. அமெரிக்காவுல நுகர்பொருள் பாதுகாப்புக்குன்னு ஒரு கமிஷன் இருக்கு. சோறாக்குற குக்கர், குழந்தைக் கட்டில், பொம்மை எல்லாத்தையும் அது கண்காணிக்கும். 1972ல அதுக்குச் சட்டம் போட்டப்பவே துப்பாக்கியை அதுல இருந்து விலக்கிட்டாங்க. பொம்மைத் துப்பாக்கியில கோளாறு இருந்தா அந்தக் கமிஷன் திரும்ப வாங்கச் சொல்லலாம். நிஜத் துப்பாக்கியில கோளாறுன்னா அதுக்கு அதிகாரம் இல்ல. கம்பெனி தானா முன்வந்து திரும்ப வாங்கினாத்தான் உண்டு, இல்லைன்னா கோர்ட்டுக்குப் போகணும்.

சரி. இந்த ஆறையும் சரி பண்ணிட்டாங்கன்னே வச்சிக்குவோம். கடையில காசு குடுத்து வாங்கி, மாடலுக்குப் பத்து பீஸ், குலுக்கல் போட்டு, பெரிய கை சின்னக் கை எல்லாத்துலயும் குடுத்து, ஒரே தோட்டா, கீழ போட்டும் பாத்தாச்சு. அப்பவும் அது நியாயமான டெஸ்ட் இல்ல. ஏன்னு சொல்ல மல்லாட்டைக்கு வரணும்.

நாலு வருஷம் முன்னாடி ரெண்டு கம்பெனி டானிக் ஊர்ல ஓடுச்சு. பூ எடுக்கற நேரத்துல அடிச்சா காய் கொத்து கொத்தா பிடிக்கும்னாங்க. எது ஒசத்தின்னு டீக்கடையில அடிதடி. நான்தான் பெரிய விஞ்ஞானின்னு, கொல்லையில பாதிக்கு இது, பாதிக்கு அதுன்னு அடிச்சேன். கடைசியில டேங்க்ல மருந்து தீந்து போச்சு. இருட்டிடுச்சி. நடுவுல ஆறு சால் சும்மா விட்டுட்டேன்.

பிடுங்கறப்ப ஒவ்வொரு பக்கமும் இருபது இருபது செடி எடுத்து காய் எண்ணினேன். முதல் டானிக், செடிக்கு சராசரி 19 காய். ரெண்டாவது டானிக், 20. சும்மா விட்ட சால், 19. கையில இருந்த காயைக் கீழ போட்டுட்டு வரப்புல உக்காந்துட்டேன். ரெண்டு வருஷமா ஊரே எது ஒசத்தின்னு சண்டை போட்டுச்சு. ரெண்டுமே தேவையான்னு ஒருத்தரும் கேக்கல. கேக்காம பாத்துக்கிட்டதுதான் அந்த ரெண்டு கம்பெனியும் சேந்து செஞ்ச வியாபாரம். போட்டி அவங்களுக்குள்ள நடக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் லாபம்.

ஆராய்ச்சி நிலையத்துல இதுக்காகவே ஒரு பாத்தியை ஒண்ணும் போடாம விடுவாங்க. நான் சொன்ன ரோதம்ஸ்டட்ல பிராட்பால்க்னு ஒரு கோதுமை வயல். 1843ல ஆரம்பிச்ச சோதனை இன்னும் நடக்குது. அதுல ஒரு துண்டுக்கு அன்னியில இருந்து இன்னிவரைக்கும் எருவும் கிடையாது, உரமும் கிடையாது. அந்தத் துண்டு இருக்கறதாலதான் பக்கத்துத் துண்டுல போட்ட உரம் என்ன செஞ்சுதுன்னு சொல்ல முடியுது. அது இல்லைன்னா மத்தது எல்லாம் வாய்ச்சவடால்.

துப்பாக்கி டெஸ்ட்டுல அந்த சும்மா விட்ட சால் எங்க? "எந்தத் துப்பாக்கியும் வாங்காத வீடு" எங்க? நாலு பிஸ்டலை வரிசையா வச்சி மார்க் போடறவன், அஞ்சாவதா ஒரு காலி இடத்தை வச்சி அதுக்கும் மார்க் போட்டானா? வீட்ல இருக்கிற பொம்பளைங்க, பசங்க பத்திரமா இருக்காங்களாங்கிறதுதானே கடைசிக் கேள்வி? அந்த வரிசையில காலி இடம் எத்தனாவது வரும்?

இதை எண்ணிப் பாத்தவங்க இருக்காங்க. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக்காரங்க கலிஃபோர்னியாவுல 2 கோடியே 60 லட்சம் பேரோட பதிவுகளை 12 வருஷத்துக்குப் பாத்தாங்க. 2020ல வெளிவந்துச்சு. கைத்துப்பாக்கி வச்சிருக்கிற ஆம்பளைங்க துப்பாக்கியால தற்கொலை பண்ணிக்கிறது, இல்லாதவங்களை விட சுமார் எட்டு மடங்கு. அதே குழு 2022ல இன்னொண்ணு வெளியிட்டுச்சு. தன்கிட்ட துப்பாக்கி இல்ல, ஆனா கைத்துப்பாக்கி வச்சிருக்கிறவங்களோட ஒரே வீட்ல வாழறவங்க கொலையாகறது, துப்பாக்கி இல்லாத வீட்ல இருக்கறவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல. என் அக்கா, அந்த மருமகப் பொண்ணு, அந்தக் குழந்தை மூணு பேரும் அந்த "ஒரே வீட்ல வாழறவங்க"தான். 2021ல அமெரிக்கா முழுக்க துப்பாக்கியால செத்தது 48,830 பேர். அதுல பாதிக்கு மேல தற்கொலை. திருடன் சுட்டு இல்ல.

நியாயம் பேசிக்கிட்டு நான் அநியாயம் பண்ணக்கூடாது. இந்த ஆராய்ச்சியும் குலுக்கிப் போட்ட பாத்தி இல்ல. யாருக்குத் துப்பாக்கின்னு சீட்டுக் குலுக்க முடியாது. பயந்த வீடுதான் வாங்குது, ஆபத்தான இடத்துல இருக்கிறவன்தான் வாங்குறான், அதனால அங்க சாவு அதிகமா இருக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டா, கேள்வி சரிதான். ஆராய்ச்சிக்காரங்களும் வயசு, இனம், இருக்கிற ஏரியா எல்லாத்தையும் கணக்குல எடுத்துப் பாத்திருக்காங்க. முழுசா சரி பண்ணிட முடியாது. ஆனாலும் ஒரு சால் சும்மா விட்டுப் பாத்திருக்காங்க. வீடியோக்காரன் அதைக் கூட செய்யல.

"துப்பாக்கியால உசுரு பொழைச்சவங்க கணக்கு எங்க?" இதையும் மருமகன் கேட்டான். அதுவும் சரியான கேள்வி. வருஷத்துக்கு எத்தனை பேரு தற்காப்புக்கு எடுக்கறாங்கன்னு பாத்தா, அரசாங்கத்தோட குற்றக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்துக்கும் கீழ சொல்லுது. 1990கள்ல ரெண்டு பேராசிரியருங்க போன்ல விசாரிச்சி 25 லட்சம் வரைக்கும் சொன்னாங்க. ஒரே கொல்லைக்கு ஒருத்தர் நாலு மூட்டைங்கிறாரு, ஒருத்தர் நூறு மூட்டைங்கிறாரு. இவ்வளவு பெரிய நாட்டுல இந்த நிலைமை ஏன்? 1996ல அவங்க காங்கிரஸ், நோய்த்தடுப்பு மையத்தோட காசு துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் போகக்கூடாதுன்னு ஒரு வரி சேத்துச்சு. துப்பாக்கி ஆராய்ச்சிக்குச் செலவான 26 லட்சம் டாலரையும் அந்தப் பக்கம் இருந்து எடுத்துடுச்சு. அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல அந்த மையம் பக்கம் ஆராய்ச்சி காஞ்சி கெடந்துச்சு. 2019 கடைசியிலதான் திரும்ப காசு ஒதுக்கினாங்க. அளக்கிறவனை நிறுத்திட்டு, விக்கிறவனை மட்டும் பேச விட்டா, கேக்கறவன் காதுல எது விழும்?

நம்ம நாட்டுக்காரங்க சிரிக்க வேணாம். டில்லியில 2012ல நடந்த கொடுமைக்கப்புறம், 2014ல கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்கள் பாதுகாப்புக்குன்னு "நிர்பீக்"னு ஒரு .32 ரிவால்வர் விட்டுச்சு. அரைக் கிலோ எடை, விலை 1 லட்சத்து 22 ஆயிரம் சொச்சம். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சி பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணு எந்தக் காசுல அதை வாங்கும், எந்தக் கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸுக்கு அலையும்? தெருவிளக்கு, நேரத்துக்கு பஸ்சு, கூப்பிட்டா வர்ற போலீஸ், இதெல்லாம்தான் சும்மா விட்ட சால். அதோட ஒப்பிட்டு யாரும் அந்த ரிவால்வருக்கு மார்க் போடல.

இனிமே சொல்லப் போறதை என் மருமகனுக்கு இதுவரைக்கும் நான் சொன்னதில்ல.

எங்கப்பாகிட்ட காட்டுப்பன்னிக்காக லைசென்ஸோட ஒரு ஒத்தக்குழல் இருந்துச்சு. முன்பக்கம் மருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. பரண் மேல இருக்கும். நான் ஏழாவது படிக்கிறப்ப, ஐப்பசி அடைமழை, அப்பா வீட்ல இல்ல. ஏறி எடுத்தேன். சினிமாவுல பாத்த மாதிரி தோள்ல வச்சி, தாழ்வாரத்துல அம்மியில அரைச்சிக்கிட்டிருந்த அக்காவைப் பாத்து, "சுட்டுடுவேன்"னு சொல்லிக்கிட்டே விசையை இழுத்தேன். மருந்து இருக்காதுன்னு நெனச்சேன்.

இருந்துச்சு. கேப்பு மட்டும் டப்புன்னு வெடிச்சுது. உள்ள மருந்து மழை ஈரத்துல நமுத்துப் போயிருந்ததால பத்தல. பத்தடி தூரம்கூட இருக்காது. அக்கா திரும்பிப் பாத்து, "தீவாளி முடிஞ்சும் கேப்பு வெடிக்கிறியாடா"ன்னு கேட்டுச்சு. அப்பா வந்து, குழலுக்குள்ள கம்பி விட்டுப் பாத்துட்டு, என்னை அடிக்கல. திண்ணையில உக்காந்துட்டாரு. ராத்திரி சாப்பிடல. அவரு காலத்துக்கப்புறம் முதல் வேலையா நான் அதை ஒப்படைச்சிட்டு வந்தேன்.

வீடியோக்காரன் கணக்குல, அது ஒரு ரவுண்டு, ஒரு மக்கர். நூத்துக்கு நூறு ஃபெயில். அந்த ஃபெயிலாலதான் என் அக்கா இருக்கு. அதனாலதான் நீ பொறந்திருக்க மாப்ள. இன்னிக்கு வர்ற துப்பாக்கி எல்லாம் மக்கர் பண்ணாததுக்குத்தான் பரிசு வாங்குது. உன் நாலு வயசுப் பையன் கையில கெடைச்சாலும் அது மக்கர் பண்ணாது.

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல இதைச் சொன்னேன். அவன் ஒண்ணும் பேசல. பின்னாடி அக்காதான் குரல் குடுத்துச்சு. அதுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கு. கேப்பு சத்தம்னு அன்னிக்கு சொன்னது கூட எனக்காகத்தான் சொல்லியிருக்கு. "அன்னிக்கு மருந்து நனைஞ்சிருந்துச்சிடா. இவன் வாங்கறது நனையுமா?"ன்னு கேட்டுச்சு. நனையாதுக்கான்னேன்.

"யோசிக்கிறேன் மாமா"ன்னு வச்சிட்டான். யோசிக்கட்டும். வாங்கறதும் வாங்காததும் அவன் முடிவு, அவன் ஊர் சட்டம். வாங்கினா பூட்டுப் பெட்டியில பூட்டி வை, தோட்டாவை வேற இடத்துல வைன்னு சொல்லியிருக்கேன். ஆனா அவன் போட்டு வச்சிருக்கிற பட்டியல்ல நாலு பேரு இருக்கு. அஞ்சாவதா ஒரு வரி காலியா விட்டு, அதுக்கும் மார்க் போட்டு எனக்கு அனுப்பணும்னு கேட்டிருக்கேன். அது வராம நான் எந்த பிராண்டுக்கும் சரின்னு சொல்லப் போறதில்ல.

எனக்கும் கார்த்திகைப் பட்டத்துக்கு விதை ஒதுக்கணும். டானிக் கடைக்காரரு நேத்து புது டப்பா ஒண்ணைக் கொண்டாந்து காட்டினாரு. வாங்கிக்கிறேன், ஆறு சால் சும்மா விடுவேன், பரவாயில்லையான்னு கேட்டேன். டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.